பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்வி

ஒரு கருத்தை ஒட்டிப் பேசவும், மறுநாளே அதே கருத்தை வெட்டிப் பேசவும் எனக்கு வரும். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கிடையே நடந்த சொற்போர்களில், எந்தக் கட்சி யாருக்கு என்பதை மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான் சீட்டெடுத்துத் தீர்மானிப்பார்கள். சீட்டைப் பிரிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானோ என் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவேன். எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். எங்கே குரலைத் தாழ்த்தினால் அரங்கம் முன்னால் சாயும் என்பதை அறிவேன். எதிரணியின் வாதத்தை அவர்களைவிட அழகாக எடுத்துச்சொல்லி, பிறகு அதை அடித்து வீழ்த்தும் வித்தையையும் அறிவேன். மேடையை விட்டு நான் இறங்கும்போது, நான் பேசிய கட்சியும் என்னை விட்டு இறங்கிவிடும். விடுதிக்குத் திரும்பும் வழியில் கேடயம் மட்டும்தான் என்னோடு வரும்.

ஒரே ஒரு முறை அப்படி நடக்கவில்லை. பகைவனை மன்னிப்பது வலிமையா, இல்லையா என்பது அன்றைய தலைப்பு. போட்டிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாள்களில் என் அறைத்தோழி, வள்ளியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், இது உனக்கு உதவும் என்று சொல்லி, ஏசு விசாரிக்கப்பட்ட பகுதியை எனக்கு வாசிக்கத் தந்தாள். ஒரு பேச்சாளராகத்தான் அதை வாசித்தேன். கைகள் கட்டப்பட்ட ஒருவர் ஆளுநர் முன்னால் நிற்கிறார். அவர் யார் என்று கேட்கிறார்கள். ஒரு சொல்லை விழுங்கினால் தப்பிக்கலாம், அவர் விழுங்கவில்லை. அதற்குமேல் ஒரு சொல்லைச் சேர்த்துத் தமக்காக வாதாடவுமில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்னென்ன பேசியிருப்பேன் என்று மனம் வாதங்களை அடுக்கத் தொடங்கியது. அடுக்க அடுக்க, அந்த மௌனத்தின் முன்னால் என் சொற்கள் எல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தன. இவர் தம்மைக் காத்துக்கொள்ள வாய் திறக்காதது என்னைக் காப்பதற்காகத்தான் என்று ஒரு நினைவு வந்தது. வந்த நினைவு போகவில்லை. மன்னிப்பதே வலிமை என்ற கட்சி சீட்டில் வந்தது, போட்டியில் வென்றேன், கேடயம் கிடைத்தது, கட்சி மட்டும் என்னை விட்டு இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோழியோடு அவளுடைய கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஞானஸ்நானம் வேண்டும் என்று நான் கேட்டபோது, அங்கிருந்த குருவானவர் மகிழ்ச்சியைக் காட்டவில்லை. “வீட்டுல சொல்லியாச்சா?” என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். “மறைச்சு வாங்குத ஞானஸ்நானம் இந்தக் கோயில்ல கிடையாதும்மா. முதல்ல வீட்டுல சொல்லிட்டு வா” என்று அனுப்பிவிட்டார். எத்தனையோ அரங்குகளைக் கண்டவள் நான். ஒரு வீட்டின் கூடம் எனக்கு எம்மாத்திரம் என்ற எண்ணத்தோடுதான் பொங்கல் விடுமுறைக்குப் பேருந்து ஏறினேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குக் கீழே, ஆறு மலையை விட்டு வெளியே வந்து வயல்களுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. சைவக் குடும்பம். ஒரு காலத்தில் வாய்க்காலின் இருபுறமும் எங்கள் வயல்கள் இருந்தன என்பார்கள். என் நினைவு தெரிந்தபோது அப்பா தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தார். விடிந்ததும் ஆற்றில் குளித்து, ஈரத்தோடு பதிகம் ஓதி, பூசை அறையிலிருந்து திருநீற்றுத் தட்டோடு வெளியே வருவார். அம்மா, நான், தங்கை என்று வரிசையாக நின்று எடுத்துக்கொள்வோம். பேசப் பழகுவதற்கு முன்பே நெற்றியில் ஏறிய திருநீறு அது.

நான் ஊருக்கு வந்த மறுநாள் காலை, தட்டு என் முன்னால் நீண்டது. நான் கையை நீட்டவில்லை.

“என்னட்டி, குளிக்கலையா?” என்றார் அப்பா.

“குளிச்சாச்சுப்பா.”

“பொறவு?”

“அப்பா, நான் ஏசுவை நம்புதேன். ஞானஸ்நானம் வாங்கணும்னு இருக்கேன். ஒங்ககிட்ட சொல்லாம வாங்கக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “எந்தக் காலேஜ்ல போட்டி? ஒட்டியா, வெட்டியா?” என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “காலங்காத்தால பழக ஆரம்பிச்சிட்டாளா? காப்பியைக் குடிச்சிட்டுப் பேசச் சொல்லுங்க!”

அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. சின்ன வயதிலிருந்தே அந்தக் கூடத்தில் நின்று நான் பேசிப் பழகாத கட்சி இல்லை. வீட்டை எதிர்த்தும், ஊரை எதிர்த்தும், ஒருமுறை திருமணம் என்கிற ஏற்பாட்டையே எதிர்த்தும் முழங்கியிருக்கிறேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்து கேட்டு, “ரெண்டாவது வாதம் வலுவில்ல” என்பார். அதனால், நான் என் உயிரைக் கையில் எடுத்து வைத்துப் பேசியதும் அவர்களுக்கு ஒத்திகையாகவே கேட்டது. போட்டி எதுவும் இல்லை என்று நான் மறுபடியும் மறுபடியும் சொன்ன பிறகுதான் அப்பாவின் கையிலிருந்த தட்டு மெல்லத் தாழ்ந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கை மட்டும், “அக்கா நெசமாத்தான் சொல்லுதாப்பா” என்றாள்.

அன்றைக்கே என் பெட்டி பரணில் ஏறியது. கல்லூரி இனி இல்லை என்றாயிற்று. எனக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் பின்கட்டு மாடத்துக்குப் போயின. அடித்தார்களா என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அம்மா பரிமாறும்போது என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள், அவ்வளவுதான். அது அடிக்குக் குறைந்ததென்று நான் சொல்ல மாட்டேன்.

ஊர் அவ்வளவு அடக்கமாக இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அதில் எந்த ஏளனமும் இல்லை; படித்துறையில் என்னைக் கண்டதும் அதை இழுத்துச் சொன்ன விதத்தில்தான் ஏளனம் இருந்தது.

“வேதக்காரி வாரா, வழி விடுங்களா! தண்ணியில கால வச்சா ஆறே ஞானஸ்நானம் வாங்கிரும்.”

“ஏளா, சும்மா இரு. கிறிஸ்துமஸ் வந்தா நமக்குக் கேக்கு தருவால்லா?”

நான் குனிந்து துணியை அலசினேன். மறுமொழி இல்லாமல் இல்லை. என்னிடம் மறுமொழிக்கு எப்போது பஞ்சம்? ஆனால் அந்தப் பெண்களுக்கு நடுவே குடத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தேன். நான் எறிகிற சொல் அவள் மேல்தான் விழும் என்று தெரிந்தது. பிறகொரு விடியலில் எங்கள் வாசற்கோலத்தின் மேல் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் என் பின்னால் “அல்லேலூயா” என்று கூவிக்கொண்டு வந்தார்கள். சிவராத்திரிக்குப் பதிகம் ஓதுகிற கூட்டத்தில் முன்னால் உட்காரும்படி அப்பாவை யாரும் அழைக்கவில்லை. அவர் தாமாகவே பின்னால் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி ஓதிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

இதெல்லாம் என் ஒருத்தியோடு முடிகிற காரியமாக இருந்திருந்தால், நான் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்குநேரியிலிருந்து ஒரு வரன் ஏற்கெனவே பேச்சில் இருந்தது. பையன் வங்கியில் வேலை பார்த்தான். கோயில் திருவிழா ஒன்றில் தூரத்திலிருந்து அவனைப் பார்த்திருந்த என் தங்கை, அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போவாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மாசி மாத இறுதியில் அவர்கள் பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி, திருநெல்வேலியில் வக்கீல்.

செய்தியோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளையும் மாமா கொண்டுவந்தார். பிரித்தார். கண்ணாடி போட்ட ஏசு படம்.

“பாருட்டி” என்றார். “ஜங்ஷன்ல தேடி வாங்கினேன். சட்டம் நல்ல தேக்கு. யாரு ஒன்னை ஏசுவைக் கும்பிட வேண்டாம்னா? நம்ம பூசை ரூம்ல எத்தனை சாமி இருக்கு. அவரும் இருந்துட்டுப் போட்டுமே!”

தாமே ஆணியடித்து, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் அதை மாட்டினார். அப்போது அம்மா செய்ததை என்னால் மறக்க முடியாது. எத்தனையோ நாள்களாக என் முகத்தைப் பார்க்காதவள், சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து, மற்றச் சாமிகளுக்கு இடுவது போலவே ஏசுவின் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். ஒரு முழம் பிச்சிப்பூவைச் சட்டத்தின் மேல் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இப்போ சரிதானா என்று கேட்கிற பார்வை.

சாணியைக் கரைத்து ஊற்றியவர்களின் முன்னால் நிற்பது எனக்கு எளிதாக இருந்தது. இந்தச் சந்தனப் பொட்டின் முன்னால் நிற்பதுதான் கடினமாக இருந்தது. அவர்கள் என்னை வளைக்கப் பார்த்தார்கள் என்று சொன்னால் அது பொய். தங்கள் வீட்டில் இருந்த மிக உயர்ந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அதற்குமேல் கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. ஆனால் நான் அறிந்தவர் பலரில் ஒருவராக அங்கே நிற்க ஒப்புக்கொள்பவர் அல்லர். இதை எந்த மொழியில், எந்த முகத்தோடு அம்மாவிடம் சொல்வது?

மாமா வழக்குக்கு வந்தார். “நாங்குநேரிக்காரங்க காதுக்கும் கொஞ்சம் போயிருக்கு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நெத்தியில துளி திருநீறு. கேட்டாவன்னா, ‘அதெல்லாம் சும்மா, ஆரோ கெளப்பி விட்டது’ன்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது. பொறவு நீ பாட்டுக்குக் காலேஜுக்குப் போ. என்ன அத்தான், நான் சொல்லுதது?”

மாமா கேட்டது அப்பாவிடம். பதிலை நான்தான் சொன்னேன்.

“அந்த ஒரு வார்த்தைதான் மாமா என்னால சொல்ல முடியாது.”

“எதுக்கு முடியாது? நீதான் எந்தப் பக்கமும் பேசுவியே! எங்க பக்கம் கொஞ்சம் பேசு பாப்போம். இந்த வீட்டுக்கு வக்காலத்து வாங்கு. பேசு. வாயில சொல் வந்துட்டா மனசும் பின்னாலயே வந்துரும்.”

இந்த வாதத்தை வேறு எந்தக் குடும்பமும் வைத்திருக்காது. பேச்சால் போன பெண்ணைப் பேச்சாலேயே திருப்பிக் கொண்டுவரலாம் என்று எங்கள் வீடுதான் நம்பும். நான் எழுந்து நின்றேன். மாமா நினைத்தது போல அறைகூவலுக்காக அல்ல. அவர்களுக்காகப் பேச வேண்டும் என்று எனக்கே இருந்தது.

பேசினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாகப் பேசியதில்லை என்றே நினைக்கிறேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு படித்துறை ஏறும் ஒரு தாய், முதுகுக்குப் பின்னால் கேட்கும் சிரிப்பை எப்படிச் சுமக்கிறாள் என்று சொன்னேன். ஆயுள் முழுவதும் முன்வரிசையில் இருந்து ஓதிய ஒருவர், பின்வரிசையில் போய் உட்காரும்போது அவர் குரலுக்கு என்ன ஆகிறது என்று சொன்னேன். எந்தத் தவறும் செய்யாத ஒரு தங்கை, அக்காவின் நம்பிக்கைக்காகத் தன் வாழ்வை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். சந்தனப் பொட்டைப் பற்றிச் சொல்ல வந்தபோது மட்டும் குரல் உடைந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

மாமா கை தட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “போதும்ட்டி! ஜெயிச்சுட்ட. இனி நீ பேசினபடியே நட.”

“நான் பேசினது அத்தனையும் உண்மை மாமா. ஒண்ணைக்கூட வெட்டிப் பேச என்கிட்ட வாதம் இல்ல” என்றேன். “ஆனாலும் அவரை எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அம்மா, நீ வச்ச பொட்டு பெரிசு. ஆனா அவரு இவங்களோட ஒருத்தரா நிக்க மாட்டாரும்மா. நான் கும்பிடுதது அவரை மட்டும்தான்.”

பிறகு அப்பா, யாரையும் பார்க்காமல், “ரெண்டு கட்சிக்கும் இவளே பேசிட்டா. நடுவருக்கு இங்கன என்ன வேலை” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அவர்கள் வருகிற நாளின் மதியம் தங்கையைத் தேடி மச்சுக்குப் போனேன். வெயிலில் காய வைத்திருந்த கூழ்வற்றலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் மருதாணி வைத்திருந்தாள்; அதனால் விரல் நுனியால் மட்டும் தொட்டாள்.

“சாயங்காலம் நான் பின்கட்டுலயே இருந்துக்கிடுதேன். நீ சொன்னாப் போதும். கேட்டாத்தானே நான் சொல்லணும்” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “நீ பின்கட்டுல இருந்தா அவுக கேக்கவே மாட்டாவ. கேக்காமலே முடிவு பண்ணிட்டுப் போயிருவாவ. அதுக்கு நீ முன்னாடியே வந்து நில்லு.”

“கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” ஒரு வற்றலை ஒடித்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். “ஆனா மேடையில பேசுத மாதிரி பேசாத. ‘அன்பார்ந்த பெரியோர்களே’ன்னு ஆரம்பிச்சிராத. இது என் காரியம். ஒனக்கு அரங்கம் இல்ல.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மாலையில் ராகு காலம் கழிந்ததும் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. ஜமக்காளம் விரித்து, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தாயிற்று. தங்கை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தம்ளர் ஒன்றுகூட அலுங்கவில்லை. பையன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே கேசரியைப் பார்த்தான். பேச்சு நல்லபடியாகவே போயிற்று. வெயிலைப் பற்றி, வங்கி வேலையில் வரும் மாறுதல்களைப் பற்றி, இரு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு சித்தப்பாவின் சர்க்கரை வியாதியைப் பற்றி. நான் கதவருகில் நின்றேன். பையனின் அம்மா பஜ்ஜியைக் கையில் எடுத்தபடி என் நெற்றியைப் பார்த்தாள்.

“மூத்தவளா? நெத்தி ஏன் வெறுமையா இருக்கு?”

மாமா முந்திக்கொண்டார். “தலையிடின்னு பத்துப் போட்டிருந்தா மயினி. இப்பந்தான் கழுவினா.”

“அவ சொல்லட்டும்” என்றாள் அந்த அம்மாள். குரலில் பகை இல்லை. பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “ஊருல ஒண்ணு சொல்லுதாவ. நீ வேதத்துல சேந்துட்டியாம். நெசமாட்டி?”

கூடம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. எத்தனையோ முறை நான் விரும்பித் தேடிய அந்த அமைதி. அப்போது என் நினைவுக்கு வந்தது, ஏசு முதன்முதலில் விசாரிக்கப்பட்ட இரவில் வெளி முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த அவருடைய சீடர் ஒருவர். ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட சாதாரணக் கேள்விக்குத்தான் அவர் தடுமாறி, ஏசுவைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அரசனுக்கு முன்னால் பேசுவதற்கு நெஞ்சில் ஒரு நெருப்பு தானாகவே வந்துவிடும். கேசரித் தட்டுக்கு முன்னால், தங்கையின் எதிரே, நல்ல மனமுள்ள ஒரு பெண்மணி கேட்கும்போது அது வராது. நாமேதான் சொல்ல வேண்டும்.

“ஆமா அத்தை” என்றேன். “ஏசு எனக்காகச் செத்தாரு, உயிரோட எழும்பினாருன்னு நான் நம்புதேன். இனி வேற யாரையும் கும்பிட மாட்டேன். என் தங்கச்சிக்கு இதுல எதுவும் கிடையாது. அவ ஒங்களை மாதிரிதான்.”

அவ்வளவுதான் பேசினேன். முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை.

பையனின் அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்” என்றார். அதன் பொருள் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பையன் எழுந்தவன், தங்கை நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தன் அப்பாவின் பின்னாலேயே போனான். அந்த அம்மாள் மட்டும் வாசலில் நின்று, என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒளிக்காமச் சொல்லிட்டா. நாளைக்கு எங்களுக்குத் தானாத் தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் கஷ்டம்லா” என்றாள். சொல்லிவிட்டு அவளும் படியிறங்கினாள்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் மாமா வெடித்தார். “ஒரு வார்த்தைட்டி! ஒரே ஒரு வார்த்தை! கோர்ட்டுல தினமும் எத்தனை பேரு சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லுதான், அவன் வீட்டுல எல்லாம் கல்யாணம் நடக்கலையா?”

அப்பா சொன்னார்: “கோர்ட்டுல நடக்குததை வீட்டுக்குக் கொண்டாராதீரும் மாப்ளே.”

தங்கை ஜமக்காளத்தில் இருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தலையில் இருந்த பூவை எடுத்து அவற்றின் மேல் வைத்து, பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். நான் உதவப் போனபோது, “தொடாத” என்றாள்.

அப்பா அன்றே பரணில் இருந்து என் பெட்டியை இறக்கி வைத்தார். “காலையில பஸ் ஏறு. படிப்பை முடி. ஞானஸ்நானத்துக்கு நான் சரின்னு சொல்லுவேன்னு காத்திருக்காத. சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தெரியாம நீ ஒண்ணும் செய்யலை, அது போதும் ஒங்க குருவானவருக்கு.” கொஞ்ச நேரம் பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துண்டால் தட்டினார். “நான் கூப்பிடாம இங்கன வர வேண்டாம்.”

கோடையில் எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுடைய இடத்தில் அறைத்தோழியின் அம்மா வள்ளியூரிலிருந்து வந்து நின்றாள். குருவானவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லும்போது என் குரல் தெளிவாக இருந்தது என்று தோழி சொன்னாள். எனக்கு நினைவிருப்பது தலையிலிருந்து வழிந்த நீர் காதுக்குள் போனதும், அந்த நேரத்தில் என் தங்கையை நினைத்ததும்தான். நான் சொன்ன உண்மை இந்தச் சபையில் எனக்கு ஓர் இடத்தைக் கொடுத்தது. அவளிடமிருந்து அது ஒரு மனிதனை எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடைபோடுகிற வாதத் திறமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மறுபடி கேட்டாலும் அதே விடையைத்தான் சொல்வேன் என்பது மட்டும் தெரியும்.

சொற்போர்களில் தொடர்ந்து பேசினேன், வென்றேன். வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

கல்லூரியின் கடைசிப் பருவத்தில் ஒரு நாள் விடுதியின் பார்வையாளர் அறையில் யாரோ காத்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். தங்கை உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“கல்யாணம் முடிவாயிருக்கு. தென்காசிப் பக்கம். கடை வச்சிருக்காவ. அப்பா ஒன்னைக் கூப்பிட்டுட்டு வரச் சொன்னாவ” என்றாள்.

“அப்பா சொன்னாவளா?”

“பொறவு நானா சொல்லுதேன்?” நான் தந்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். “நடுவுல வந்த ரெண்டொரு வீட்டுல, விஷயம் தெரிஞ்சதும் வேண்டாம்னுட்டாவ. நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன். இனி ஆரும் வந்து கேக்க வேண்டாம், வாரதுக்கு முன்னாலயே நாமளே சொல்லி அனுப்பிருவோம், அப்படியும் வாரவங்க வரட்டும்னு. மாமாவைத்தான் அனுப்பினோம்.”

“மாமாவையா?”

“ஆமா. வெத்தலை பாக்குத் தட்டைக் கீழ வைக்கதுக்கு முன்னாலயே, ‘மூத்தவ வேதத்துல இருக்கா, அதை முதல்ல சொல்லிருதேன்’னு சொன்னாராம். இதைச் சொல்லத்தான் நான் வக்கீலுக்குப் படிச்சனான்னு வீட்டுல வந்து ஒரே புலம்பல். மாப்பிள்ளையோட அப்பா கேட்டுட்டு, ‘அந்தப் புள்ள யாரையும் அடிச்சாளா, திருடினாளா? பொறவு என்ன’ன்னாராம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. அவள் இரண்டையும் கவனிக்காதவள் போல் இருந்தாள்.

“அம்மா ஒனக்குச் சேலை எடுத்து வச்சிருக்கா. மணமேடைகிட்ட நிக்கணும்னு சொல்லுதா. அங்கன ஐயர் திருநீறு தருவாரு.”

“வாங்க மாட்டேன்.”

“அதையும் அவுககிட்ட சொல்லியாச்சு” என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாயிற்கதவு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். பாபநாசம் பேருந்துக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்தவள், கதவருகில் நின்றாள்.

“கோவம் போயிட்டுன்னு நினைக்காத. அந்த நாங்குநேரிக்காரரை எனக்குப் பிடிச்சிருந்துது. ஒனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சொன்ன.”

“ஆமா” என்றேன்.

“எனக்கு இன்னும் ஆறலை. பொய் சொல்லக் கூடாதுல்லா, அதான் சொல்லுதேன்” என்றாள். பிறகு, “கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துரு. பந்தி பரிமாற ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனாள்.